பிச்சாவரத்துக்கு ஒரு பக்கம் போடுவோமா?

மொபைலை எடுத்து, தமிழில் ‘பிச்சாவரம்’ என்று டைப் செய்து தேடிப் பாருங்கள். வந்து விழும் பக்கங்களில் ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ‘உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு.’ பயணக் கட்டுரையில் இருக்கும், வீடியோவுக்குக் கீழே இருக்கும், வாட்ஸ்அப்பில் வரும் ‘அறிவோம் தமிழ்நாடு’ வகைச் செய்தியிலும் இருக்கும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 2022இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல் அது. அப்போது குறிக்கப்பட்ட பரப்பு 1,478.64 ஹெக்டேர். அதாவது 15 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. சுந்தரவனக் காடு, இந்தியப் பகுதியும் வங்கதேசப் பகுதியும் சேர்ந்து, சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளமா? உலகத்தை விடுங்கள். நம் தமிழ்நாட்டிலேயே முத்துப்பேட்டை ஈரநிலம் பிச்சாவரத்தைவிடப் பல மடங்கு பெரியது.

இதனால் பிச்சாவரத்தின் மதிப்பு ஒரு துளியும் குறையாது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் வலைபோல ஓடும் வாய்க்கால்கள், இருபுறமும் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சுரபுன்னை மரங்கள். அதற்கு எதற்குப் பொய்ப் பட்டம்?

எழுதியவர்கள் யாரும் பொய் சொல்ல நினைத்திருக்க மாட்டார்கள். தனக்கு முன்னால் எழுதியவரை நம்பினார்கள். அவர் இன்னொருவரை நம்பினார். பத்திரிகை என்றால் நடுவில் ஓர் உதவி ஆசிரியர் இருப்பார். ‘ஏம்ப்பா, அப்போ சுந்தரவனம் எவ்வளவு பெரிசு?’ என்று ஒரு கேள்வி கேட்பார். வலைப்பூவில் அந்த நாற்காலி காலி. எழுதுகிறவர், பக்கம் வடிவமைக்கிறவர், அச்சடிக்கிறவர் எல்லாம் ஒரே ஆள். ‘வெளியிடு’ பட்டனை அழுத்துகிறவர்தான் ஆசிரியரும்.

போன வாரம் மொபைலில் தமிழ் டைப் செய்வதைப் பார்த்தோம். இந்த வாரம், டைப் செய்ததை ஊர் பார்க்க வைப்போம். ‘மாதிரிப் பக்கம்’ என்று ஒன்றைச் செய்துகாட்டினால் உங்களுக்குத் தூக்கம் வரும். அதனால் பிச்சாவரத்துக்கே ஒரு பக்கம் போடலாம். உங்கள் ஊர் வேறாக இருந்தால் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்து வேறு, சட்டை வேறு

முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் போட வேண்டும் என்றால் ஹெச்.டி.எம்.எல். தெரிந்திருக்க வேண்டும். ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்குவதற்கே குறியீடு எழுத வேண்டும். 1999இல் பைரா லேப்ஸ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் பிளாக்கரைக் கொண்டுவந்தது. 2003இல் அதை கூகுள் வாங்கியது. அதே ஆண்டில்தான் வேர்ட்பிரஸ்ஸும் பிறந்தது. இந்த வகைக் கருவிகளுக்கு சி.எம்.எஸ். என்று பெயர். தமிழில் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று எழுதுகிறார்கள். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. உங்கள் எழுத்தையும் படத்தையும் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளும். பக்கத்தின் தோற்றத்தைத் தனியாக வைத்துக்கொள்ளும். யாராவது வந்து கேட்கும்போது எழுத்துக்குச் சட்டையை மாட்டி அனுப்பும். சட்டையை நாளைக்கு மாற்றினாலும் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது.

இதைச் சொல்லக் காரணம், புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘தீம்’ தேர்ந்தெடுப்பதிலேயே இரண்டு நாளைக் கழித்துவிட்டு மூன்றாம் நாள் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். முதலில் கண்ணில் படும் எளிய தீமைத் தொட்டுவிட்டு நகருங்கள்.

நாம் பிளாக்கரையே எடுத்துக்கொள்வோம். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், காசு கிடையாது. மொபைல் குரோமில் பிளாக்கர் டாட் காம் போய் உள்ளே நுழைந்தால், வலைப்பூவின் பெயரையும் முகவரியையும் கேட்கும்.

பெயரில்தான் பாதி வேலை

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடலூர் மாவட்டக் கரையில் சுனாமி நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. பிச்சாவரம் காட்டுக்குக் கிழக்கே கடலோரத்தில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு குடியிருப்புகள் சிதைந்தன. யார் இருக்கிறார்கள், யார் இல்லை, எங்கே பணம் அனுப்புவது, எங்கே என்ன தேவை என்று உலகம் முழுவதும் இணையத்தில் தேட ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கே மும்பையில் பீட்டர் கிரிஃபின், ரோஹித் குப்தா, தினா மேத்தா ஆகியோர் பிளாக்கரில் ஒரு வலைப்பூவைத் தொடங்கினார்கள். தென்கிழக்கு ஆசிய நிலநடுக்கம், சுனாமி என்று நீளமான ஆங்கிலப் பெயர். ஆனால் முகவரி ஒரே சொல்: ‘சுனாமிஹெல்ப்’. தவித்துப்போய்த் தேடும் ஒருவர் எதை டைப் செய்வாரோ அதுவே முகவரி. பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். தகவல் குவியக் குவிய, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டாமல், காணாமல் போனவர்களுக்கு ஒன்று, விசாரிப்பவர்களுக்கு ஒன்று, உதவி தேவைப்படும் இடங்களுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். அவர்கள் கையில் இருந்ததும் இன்று உங்கள் மொபைலில் திறக்கும் அதே இலவசக் கருவிதான். இன்றைக்கு இருப்பதைவிடக் குறைவான வசதிகளோடு.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். ‘என் எண்ணச் சிதறல்கள்’, ‘நிலாச்சோறு’ என்றெல்லாம் பெயர் வைக்க ஆசை வரும். கவிதை எழுதப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வையுங்கள். பிச்சாவரத்தைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால் பெயரிலும் முகவரியிலும் பிச்சாவரம் இருக்கட்டும். முகவரியில் ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு மட்டும்தான் செல்லும். அதனால் ஊர்ப் பெயரைப் பெரும்பாலோர் எப்படி ஆங்கிலத்தில் எழுதுகிறார்களோ அப்படியே எழுதுங்கள். அங்கே போய்ப் புதுமை வேண்டாம்.

எழுத்துக்குள்ளும் இதே யோசனைதான். இந்தக் காட்டை ஒருவர் அலையாத்திக் காடு என்பார், ஒருவர் சுரபுன்னைக் காடு என்பார், ஒருவர் கண்டல் காடு என்பார், கல்லூரி மாணவர் மாங்குரோவ் என்று தேடுவார். நாலு சொல்லும் கட்டுரையில் ஏதோ ஓரிடத்தில் இயல்பாக வந்துவிட வேண்டும். அதற்காகப் பத்து தடவை அடுக்காதீர்கள், படிக்கிறவர் ஓடிவிடுவார்.

பக்கமா, பதிவா?

பிளாக்கருக்குள் போனதும் இரண்டு விதமான இடம் தெரியும். ஒன்று பதிவு, இன்னொன்று பக்கம். பலரும் வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் பதிவாகவே போட்டுவிடுகிறார்கள்.

பதிவுக்குத் தேதி உண்டு. புதியது மேலே வரும், பழையது கீழே போகும். ‘இந்த ஐப்பசியில் காட்டுக்குப் போனோம்’ என்பது பதிவு. பக்கம் அப்படியே நிற்கும். ‘எப்படிப் போவது, படகு எங்கே ஏறுவது’ என்பது பக்கம். சிதம்பரத்திலிருந்து வரும் வழி, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம், கூட வைத்திருக்க வேண்டிய தொப்பி, தண்ணீர் எல்லாம் இங்கே.

பக்கம் போடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘வெளியிடு’ அழுத்தியாகிவிட்டது, ஆனால் வலைப்பூவைத் திறந்தால் அந்தப் பக்கத்தைக் காணோம். பக்கம் எங்கும் போகவில்லை. அதற்கு வாசல் வைக்கவில்லை, அவ்வளவுதான். பிளாக்கரில் ‘தளவமைப்பு’ பகுதிக்குப் போய் ‘பக்கங்கள்’ என்ற கேட்ஜெட்டைச் சேர்த்து, உங்கள் பக்கத்தை டிக் செய்து சேமித்தால் மேலே மெனுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முகவரியில் தமிழ் படும் பாடு

தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி உண்டு. பெர்மாலிங்க் என்பார்கள். பிளாக்கர் அந்த முகவரியைத் தலைப்பிலிருந்தே எடுக்கப் பார்க்கும். தலைப்பு முழுக்கத் தமிழ் என்றால் அதற்கு ஒன்றும் புரியாது. ‘பிளாக் போஸ்ட்’ என்று ஒரு பொதுப்பெயரை வைத்து, அடுத்ததற்கு வெறும் எண்ணை ஒட்டிவிடும். இப்படிப் பெயரில்லாத பிள்ளைகளாக ஆயிரக்கணக்கான தமிழ்ப் பதிவுகள் திரிகின்றன. வேர்ட்பிரஸ் வேறு மாதிரி. தமிழை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக நாலைந்து வரிக்கு நீளும். பாட்டி பார்த்தால் ஏதோ வைரஸ் என்று நினைத்து அழித்துவிடுவார்.

தீர்வு ஒன்றுதான். பதிவு எழுதும் திரையில் அமைப்புகளைத் திறந்து, பெர்மாலிங்க் பகுதியில் ‘தனிப்பயன்’ என்பதைத் தொட்டு, மூன்று நான்கு ஆங்கிலச் சொற்களை நடுக்கோடு போட்டு எழுதிவிடுங்கள். பிச்சாவரம், படகு, வழி என்ற அளவில் போதும். பக்கங்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. முதலில் தலைப்பை ஆங்கில எழுத்தில் டைப் செய்து வெளியிடுங்கள். பிறகு திறந்து தலைப்பைத் தமிழுக்கு மாற்றுங்கள். தலைப்பு மாறும், முகவரி பழையபடியே நிற்கும். இதையெல்லாம் நாலு பேருக்கு அனுப்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பகிர்ந்த பிறகு முகவரியை மாற்றினால், கொடுத்த இணைப்பெல்லாம் மூடிய கதவு.

வேர்டிலிருந்தோ வேறு தளத்திலிருந்தோ எழுத்தை எடுத்து ஒட்டும்போது, கூடவே அதன் எழுத்துரு, நிறம், அளவு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். விரலை அழுத்திப் பிடித்தால் ‘எளிய உரையாக ஒட்டு’ என்று வரும். அதைப் பயன்படுத்துங்கள்.

எதை எழுதுவது?

கருவி முடிந்தது. இனிதான் கஷ்டமான பகுதி.

பிச்சாவரம் என்றால் ‘சுனாமியிலிருந்து ஊரைக் காப்பாற்றிய காடு’ என்ற வரியும் எல்லாப் பக்கங்களிலும் இருக்கும். இது இரண்டாவது பெரிய காடு கதைபோல வெறும் காற்றல்ல. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையில் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, காட்டின் மறைவில் இருந்த இடங்களில் இழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு விஞ்ஞானிகள் அதே எண்களை எடுத்துக் கணக்குப் போட்டு, கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்பவைதான் பெரிய காரணம், காட்டின் பங்கு மிகக் குறைவு என்றார்கள். காடு அலையின் வேகத்தைத் தணிக்கும் என்று சொல்லும் ஆய்வுகள் வேறும் இருக்கின்றன. ஆக, ‘காடு மட்டுமே காப்பாற்றியது’ என்று எழுதினாலும் தவறு, ‘காட்டுக்குச் சம்பந்தமே இல்லை’ என்று எழுதினாலும் தவறு. இரண்டு வரி கூடுதலாக எழுதி இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டால் உங்கள் பக்கம் மற்றவற்றிலிருந்து தனியாக நிற்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புராஜெக்டுக்கு இதைத்தான் எடுத்து எழுதப் போகிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர்க்காரர்களுக்கு நிறையப் பேசக் கிடைக்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்த தில்லை மரம் இந்தக் காட்டில் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. படகிலிருந்து கிளையை ஒடிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா? எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ 1975இல் வந்தது, படப்பிடிப்பு இங்கே நடந்தது. அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். படப்பிடிப்பைப் பார்த்த பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால் அவரிடம் கேட்டு எழுதுங்கள். அது எந்தப் பக்கத்திலும் கிடைக்காது. வாய்க்கால்களுக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயர்கள், எந்த மாதம் எந்தப் பறவை என்பதெல்லாம் கிள்ளையில் இருப்பவருக்குத்தான் தெரியும், சென்னையில் உட்கார்ந்து தேடுகிறவருக்குத் தெரியாது.

படகுக் கட்டணம், நேரம் போன்றவற்றை எழுதும்போது பக்கத்திலேயே தேதியைப் போடுங்கள். ‘இன்ன தேதியில் விசாரித்தபோது’ என்று எழுதுங்கள். சேலத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ குழந்தைகளோடு ஒரு குடும்பம் உங்கள் பக்கத்தை நம்பி வண்டி பிடிக்கும். புயல் எச்சரிக்கை, கொள்ளிடத்தில் வெள்ளம் என்றால் படகுகளை நிறுத்திவைப்பதுண்டு. ‘மழைக்காலத்தில் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்’ என்ற ஒரு வரி அவர்களுடைய ஒரு நாளைக் காப்பாற்றும். தேதி இல்லாத தகவல் பழைய பேருந்து அட்டவணை மாதிரி. சுவரில் தொங்கும், பஸ்தான் வராது.

படம் எடுத்தால் மட்டும் போதுமா?

மொபைல் படம் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எம்.பி. இருக்கும். பத்து படத்தை அப்படியே ஏற்றினால், சிக்னல் குறைவான இடத்தில் உங்கள் பக்கம் திறப்பதற்குள் படகே வந்துவிடும். சுருக்கி ஏற்றுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ‘மாற்று உரை’ என்று ஒரு கட்டம் இருக்கும். பார்வையற்றவர்களின் மொபைல் அதைத்தான் வாசித்துக் காட்டும். ‘படம் 1’ என்று எழுதாதீர்கள். ‘சுரபுன்னை வேர்களுக்கு நடுவே துடுப்புப் படகு’ என்று எழுதுங்கள்.

பிச்சாவரம் பக்கம் இருளர் மக்கள் தண்ணீருக்குள் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். பார்த்தவுடன் கேமராவைத் தூக்கத் தோன்றும் காட்சிதான். இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் வேலை செய்துகொண்டிருக்கும் ஓர் அம்மாவின் முகத்தை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உலகத்துக்குக் காட்ட நமக்கு என்ன உரிமை? கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அதேபோல, பறவைக் கூட்டைப் படம் எடுத்தால் இடத்தைச் சரியாகக் குறிப்பிட வேண்டாம். மொபைல் கேமரா அமைப்பில் ‘இருப்பிடம்’ பதிவாவதையும் அணைத்துவிடுங்கள்.

சாவி யாரிடம்?

இது பலரும் யோசிக்காத விஷயம். யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை 2009இல் மூடியபோது, அங்கே பக்கம் வைத்திருந்தவர்கள் பெட்டி படுக்கையோடு கிளம்ப வேண்டியதாயிற்று. 2023இல் கூகுள், இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத கணக்குகளை நீக்கலாம் என்று விதி கொண்டுவந்தது. வேறு காரணங்களாலும் பக்கங்கள் மறைகின்றன. எழுதியவருக்கு பாஸ்வேர்டு மறந்துபோகிறது, அல்லது அவரே போய்விடுகிறார்.

பிளாக்கர் அமைப்புகளில் ‘அனுமதிகள்’ பகுதியில் இன்னொருவரைச் சேர்த்து அவரையும் நிர்வாகியாக்கலாம். தம்பியோ, மகளோ, ஊரில் அக்கறையுள்ள ஓர் ஆசிரியரோ இருக்கட்டும். அதே அமைப்புகளில் ‘உள்ளடக்கத்தைக் காப்பு எடு’ என்ற வசதி உண்டு. தொட்டால் உங்கள் எழுத்து மொத்தமும் ஒரே கோப்பாக இறங்கும். மாதம் ஒருமுறை எடுத்து வையுங்கள். அந்தக் கோப்பில் படங்கள் வராது, அவற்றைத் தனியாகச் சேமியுங்கள்.

அமைப்புகளில் இருக்கும்போதே ‘தேடுபொறிகளுக்குத் தெரியும்படி’ என்ற சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய பக்கம் தேடலில் வர நாட்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். 2004இல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ போன்ற திரட்டிகள் ஓடிய காலத்தில், புதிதாக எழுதுகிறவர்களையும் வாசகர்கள் உடனே பார்த்துவிடுவார்கள். இப்போது அந்த வேலையை கூகுள் தேடலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களும்தான் செய்கின்றன. பொறுமையாக இருங்கள்.

எல்லாம் முடிந்து ‘வெளியிடு’ அழுத்திய பிறகு, உங்கள் மொபைலில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். வீட்டில் வேறு ஒருவரின் மொபைலில் இணைப்பைத் திறந்து பாருங்கள். முடிந்தால் கிள்ளையில் படகு ஓட்டும் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘தம்பி, இந்த வாய்க்காலுக்குப் பேரு இது இல்லையே’ என்று அவர் சொன்னால், எடிட் பட்டன் இருக்கவே இருக்கிறது. திருத்திவிட்டு, கீழே திருத்திய தேதியைப் போடுங்கள்.

படங்களைத் தரம் கெடாமல் சுருக்கும் வழிகளை அடுத்த வாரம் பார்ப்போம்.